ஒரு வாத்துத் துப்பாக்கி, இரண்டு சொந்தக்காரர்கள்

அத்தியாயம் 5

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோதே வருகிறவர் போலீஸ்காரர் என்று தெரிந்துவிட்டது. அழுதுகொண்டு வருகிறார் என்பது மட்டும் தெரியவில்லை. போலீஸ்காரர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு நிதானமாகப் பார்த்தேன்.

எங்கள் ஆபீஸ் தேனி மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு பருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது. கடை என் அப்பாவுடையது. போர்டில் பெரிய எழுத்தில் ‘சுயம்புலிங்கம், துப்பறிவாளர்’ என்றும், கீழே சின்ன எழுத்தில் ‘டைப் அடித்துத் தரப்படும்’ என்றும் இருக்கும். பெரிய எழுத்து எங்கள் சார். சின்ன எழுத்து நான், ஞானசெல்வி. ஆபீஸ் ஓடுவது சின்ன எழுத்தில்தான்.

சார் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். வந்தவரை உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. மூக்கை உறிஞ்சியபடியே சுவரில் கோணலாகத் தொங்கிய காலண்டரை நேராக்கினார். என் மேஜையில் கலந்து கிடந்த கார்பன் தாளையும் வெள்ளைத் தாளையும் தனித்தனியாக அடுக்கினார். பிறகு வாசலுக்குப் போய்க் குனிந்து அங்கே கிடந்ததையும் ஒழுங்குபடுத்தினார். துக்கம் வந்தால் சிலர் நகத்தைக் கடிப்பார்கள், இவர் வீட்டை ஒதுங்க வைக்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பெயர் மரியராஜ். இராயப்பன்பட்டிக்காரர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு. எந்த ஸ்டேஷன் என்று எழுதக்கூடாதென்று என்னிடம் பைபிள் மேல் சத்தியம் வாங்கியிருக்கிறார். என்னுடையது புராட்டஸ்டண்ட் பைபிள் என்பதால் அவருக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நான் காப்பாற்றுகிறேன்.

விஷயம் இதுதான். எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பக் கொடுப்பார்கள். இந்த எழுபத்தொன்றாம் வருஷ எலெக்‌ஷனுக்கு மரியராஜின் பீரோவுக்கு இருபத்து மூன்று துப்பாக்கிகள் வந்தன. இருபத்தொன்று ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு. இரண்டுமே வாத்துத் துப்பாக்கி. கண்மாயில் இறங்கும் பறவைகளைச் சுடுவதற்கென்றே வெள்ளைக்காரன் நாட்டில் செய்த, இரட்டைக் குழல் வைத்த பழைய துப்பாக்கிகள். ஒன்று அய்யாத்துரை என்கிற பெரிய விவசாயியுடையது. இன்னொன்று சண்முகத்தாய் என்கிற அம்மாளுடையது. யாருடையது என்று பெயர் எழுதி ஒட்டியிருந்த சீட்டை மைதாப் பசைக்கு ஆசைப்பட்டுக் கரப்பான் தின்றுவிட்டது.

“அதனால என்ன, அவுக அவுக துப்பாக்கி அவுகளுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“தெரியுதும்மா. ரெண்டு பேரும் ஒரே துப்பாக்கியத்தான் தொட்டு, இதுதான் என்னோடதுன்றாக. இன்னொன்னை ரெண்டு பேருமே சீண்ட மாட்டேன்றாக.”

லைசென்ஸைப் பார்க்கலாமே என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்த சார். மரியராஜ் இரண்டு லைசென்ஸ்களையும் எடுத்து நீட்டினார். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குமாஸ்தா ஒரே நாளில் எழுதியவை. ‘துப்பாக்கியின் எண்’ என்ற இடத்தில் இரண்டிலும் ‘உண்டு’ என்று எழுதியிருந்தது. அந்தக் குமாஸ்தா இப்போது எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மரியராஜுக்கு ஓய்வுபெற நாற்பது நாள்தான் இருந்தது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், ரெக்கார்டில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. அதற்காகப் போகிற போக்கில் ஒரு பிரமோஷன் கொடுத்து, தோளில் ஒரு நட்சத்திரம் வைத்து அனுப்பலாம் என்று மேலே பேசி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு டி.எஸ்.பி. கடைசி முறையாக ஸ்டேஷனைப் பார்க்க வருகிறார். அப்போது இரண்டு துப்பாக்கிகள் கையெழுத்தாகாமல் கிடந்தால் நட்சத்திரம் போச்சு. அவர் மனைவி மதலேனாள் அதற்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர் எந்த வாசல் வழியாகக் கோயிலுக்குள் வந்தால் நட்சத்திரத்தில் வெயில் படும் என்று வரை யோசித்து வைத்திருக்கிறாளாம்.

“அவகிட்ட என்னன்னு போயிச் சொல்லுவேன்?” என்று கேட்டு மறுபடி அழுதார். நானும் சேர்ந்து மூக்கைச் சிந்தினேன். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

சார் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் கீழே பார்க்கமாட்டார். சாருக்கு வலது காலில் ஆணி உண்டு. அதனால் இடது காலுக்குத் தோல் செருப்பும் வலது காலுக்கு ரப்பர் செருப்பும்தான் போடுவார். மிச்ச இரண்டும் வாசல் மூலையில் சும்மா கிடக்கும். அன்றைக்கு இரண்டு காலிலும் தோல் செருப்பாக இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்று ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் போவதற்குள் நொண்ட ஆரம்பித்துவிட்டார்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் அய்யாத்துரையும் எதிர் பெஞ்சில் சண்முகத்தாயும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேஜைமேல் இரண்டு துப்பாக்கிகள். அய்யாத்துரைக்கு அறுபது வயதிருக்கும், ஆட்டுக்கடா மீசை. சண்முகத்தாய்க்கு ஐம்பது, வெற்றிலைச் சிவப்பு. ஒரே கண்மாய்ப் பாசனத்தில் அடுத்தடுத்த வயல்காரர்கள். தண்ணீர் திறக்கிற அன்று மட்டும்தான் பேசிக்கொள்வார்களாம். அதுவும் நல்ல வார்த்தையாக இருக்காதாம்.

இரண்டு துப்பாக்கிகளையும் நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நிறுத்தினால் இரண்டும் என் தோள் உயரம். இரண்டிலும் அதே பழுப்பு மரக்கட்டை, அதே குழல், குழலில் பாம்புத் தோல் மாதிரி அதே வரிகள். ஒரே பிரசவத்தில் பிறந்த பிள்ளைகளைக்கூட அம்மா அடையாளம் சொல்வாள். இங்கே இரண்டு அம்மாக்கள் ஒரே பிள்ளையைக் கேட்கிறார்கள்.

சார் இருவரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, இது உங்களுடையதுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், காட்டுங்கள் என்றார்.

முதலில் அய்யாத்துரை. துப்பாக்கியைத் தோளில் தூக்கி வைத்தார். கன்னத்தை மரத்தில் பதித்தார். இரண்டு கண்களையும் மூடிக்கொண்டார். அப்படியே தூங்கிவிடுவார் என்று பயந்தேன்.

“கன்னம் சொல்லுதுய்யா. இந்தக் கட்டையில எங்கன பள்ளம், எங்கன மேடுன்னு என் தாடைக்குத் தெரியும். இது என் துப்பாக்கி.”

குழலுக்குள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அதை அவர் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொண்டார். சுட்டு முடித்ததும் வேலைக்காரன் கருத்தக்கண்ணனிடம் நீட்டிவிடுவாராம். துடைப்பது, எண்ணெய் போடுவது, பூட்டி வைப்பது எல்லாம் அவன் பாடு. கருத்தக்கண்ணனைக் கேட்கலாம் என்றால், அவன் பொங்கலோடு திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்து சண்முகத்தாய். அந்தம்மாள் துப்பாக்கியைத் தோளுக்கே கொண்டுபோகவில்லை. நெம்புகோலை நகர்த்தி, குழலை மடக்கித் திறந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தார்.

“எடது குழல்ல பாதிக்கு மேல பொட்டு மாதிரி ஒரு கறை இருக்கும். பொன்னு எடை போடுற குண்டுமணி இருக்கே, அம்புட்டுக்காணு. அந்த மனுசன் சுடுவாக, தொடைக்கிறது நான். அவுக போயி ஒம்பது வருசமாச்சு, லைசென்ஸ்ல பேரை மட்டும் எனக்கு மாத்திக் குடுத்தாக. இப்பவும் வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை தொடைக்கிறேன். நான் ஒரு கொக்கைக்கூடச் சுட்டதில்ல. ஆனா இந்தப் பொட்டை எனக்குத் தெரியாதா?”

கட்டையில் ஏதாவது அடையாளம் உண்டா என்று சார் கேட்டார். கட்டையை யார் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டார்.

சார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “ஒருத்தர் கட்டையை மட்டும் அடையாளம் சொல்றாரு. இன்னொருத்தர் குழலை மட்டும். கவனிச்சியா செல்வி?”

“கவனிச்சேன் சார். புருசன் பொண்டாட்டியா இருந்திருந்தா ஒரு துப்பாக்கியே போதும்.”

சார் சிரிக்கவில்லை. கால் வலித்தது போலிருக்கிறது.

மணி பன்னிரண்டு. இந்தப் பக்கத்தில் பழைய துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், வீரபாண்டியில் ஞானசிகாமணி. பஸ்ஸில் போனோம். அவர் கடைப் போர்டில் ஸ்டவ், குடை, துப்பாக்கி மூன்றும் ரிப்பேர் செய்யப்படும் என்று எழுதியிருந்தது. அன்று ஸ்டவ் முறை. பம்ப் அடித்துக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமலே கேள்வி கேட்டார். தோட்டாவைத் தட்டுகிற சுத்தியல் வெளியே தெரிகிறதா? தெரியவில்லை. குழலில் வரி ஓடுகிறதா? ஓடுகிறது. இரண்டிலுமா? இரண்டிலும். உயரம்? நான் எழுந்து நின்று தோளைத் தொட்டுக் காட்டினேன். அவர் பம்ப் அடிப்பதை நிறுத்திவிட்டு முதல் முறையாக என்னைப் பார்த்தார். பிறகு ஒரு மரக்கோலை எடுத்து என் தோளில் வைத்து அளந்தார்.

“நாலடி ஒன்றரை இஞ்சு. அப்பச் சரியான வாத்துத் துப்பாக்கிதான். காடை, கவுதாரிக்குச் செய்யிறதுல குழல் இருபத்தெட்டு இஞ்சு இருக்கும். இது முப்பத்திரண்டு. நடுக் கண்மாயில எட்டத்துல கெடக்கிற வாத்துக்கு நீளக் குழல் வேணும்னு வெள்ளைக்காரனுக்கு ஒரு நெனப்பு.”

வேறு என்ன வித்தியாசம் என்று சார் கேட்டார். வாத்துத் துப்பாக்கிக் குழலின் வாய் கடைசியில் கொஞ்சம் இறுகியிருக்கும் என்றார். அதற்குச் சோக் என்று பெயர். ஈயக் குண்டுகள் சிதறிப்போகாமல் கூட்டமாகப் போய் விழுவதற்காம். இடது குழலில் இறுக்கம் இன்னும் அதிகம், விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும் என்றார். விரலை விட்டுப் பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.

கடைசியில், நாங்கள் எழுந்த பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார். “ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்குன்னா அது சோடி. துரை ஒண்ணுல சுடுறப்ப, பின்னால நிக்கிற ஆளு இன்னொன்னுல தோட்டா போடுவான். சோடியாச் செஞ்சதுன்னா இதோட குழல் அதுலயும் பூட்டும். குழலுக்கு அடியில ஒரு நம்பர், கட்டையோட இரும்புல ஒரு நம்பர் வெட்டியிருப்பான். ஒண்ணு, இல்லாட்டி ரெண்டு. கழட்டுனாத்தான் தெரியும்.”

சார் வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கும் பளிச்சென்று புரிந்தது. ஸ்டேஷனில் யாரோ இரண்டையும் கழற்றி, குழலை மாற்றிப் பூட்டிவிட்டார்கள். அய்யாத்துரையின் கட்டையும் சண்முகத்தாயின் குழலும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்துவிட்டன. அதனால்தான் இரண்டு பேரும் அதையே கேட்கிறார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. திரும்பும் வழியில் எனக்குப் பசிகூட எடுத்தது. வடை வாங்கித் தின்றேன்.

மூன்று மணிக்கு ஸ்டேஷனில் இறங்கினோம். சார் நேராகப் பீரோவுக்குப் போய், குடையை உள்ளே விட்டு உயரம் அளந்தார். தரையிலிருந்து மேல் தட்டு வரை சரியாக நாலடி. அதை மரியராஜிடம் சொன்னார். துப்பாக்கி நாலடி ஒன்றரை இஞ்ச் என்பதையும் சொன்னார். இருபத்து மூன்று துப்பாக்கிகள் நெருக்கி நின்ற பீரோவில் சாய்த்து வைக்கவும் இடம் இருந்திருக்காது. அப்படியென்றால் முழுசாக உள்ளே போயிருக்காதே என்றார். 

மரியராஜ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“கழட்டித்தான் வச்சேன் சார். ஒப்படைச்ச சாமானைக் கழட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கு. தெரிஞ்சுதான் செஞ்சேன். வேற எடம் இல்ல. குழலைச் சாக்குல சுத்தி மேல வச்சேன், கட்டையக் கீழ வச்சேன். ஆனா மாத்திப் பூட்டல சார். மாதா மேல சத்தியமா மாத்திப் பூட்டல. அது எனக்கு நல்லாத் தெரியும்.”

பாவம், அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன். சார் அவர் தோளில் தட்டிவிட்டு, நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். முழுமையாகப் பரிசோதிக்கிறேன் என்று இருவரும் கேட்கும் அந்தத் துப்பாக்கியை எடுத்து, ஞானசிகாமணி சொன்னபடி வலது குழல் வாயில் ஆள்காட்டி விரலை விட்டார், எடுத்தார். இடது குழலில் விட்டார். எடுக்கவில்லை.

“செல்வி” என்றார் மெதுவாக.

நான் துப்பாக்கிக் கட்டையைப் பிடித்து இழுத்தேன். மரியராஜ் சாரைப் பிடித்து இழுத்தார். சார் ஊளையிட்டார். தோட்டா இல்லை என்று தெரியும், இருந்தாலும் அய்யாத்துரை பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விரலின் கணு இறுகிய வாயைத் தாண்டி உள்ளே போய்விட்டது. மூன்றரைக் கிலோ துப்பாக்கி விரலில் தொங்கினால் விரல் நீளுமே தவிர வெளியே வராது. பாரத்தையாவது குறைக்கலாம் என்று மரியராஜ் குழலுக்கு அடியில் கை பிடிக்கிற முன்கட்டையைக் கழற்றி, கட்டையைப் பிரித்தெடுத்தார். வெறும் குழல் மட்டும் சாரின் விரலோடு நின்றது. சாருக்கு முப்பத்திரண்டு இஞ்சில் ஒரு விரல் முளைத்த மாதிரி இருந்தது.

குழலின் அடிப்பக்கம் இப்போது நன்றாகத் தெரிந்தது. குனிந்து படித்தேன். ஒன்று. கட்டையின் இரும்பைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் ஒன்று. அடித்துப் பிடித்து அடுத்த துப்பாக்கியைக் கழற்றினேன். குழலில் இரண்டு. கட்டையில் இரண்டு.

எல்லாம் சரியாக இருந்தது. எதுவும் மாறவில்லை. நாங்கள் அவ்வளவு தூரம் போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது தப்பு. வடைக் காசும் தண்டம்.

“நான்தான் சொன்னேனே” என்றார் மரியராஜ். அதில் ஒரு துளிகூட வெற்றி இல்லை. கடிகாரம் மூன்றரை காட்டியது. அவர் மேஜையிலிருந்த பேனாக்களை உயர வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தார்.

சார் குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்குமிங்கும் நொண்டி நடந்தார். நாலு எட்டு நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் போச்சு, கேஸ் போச்சு, இந்தக் காலும் இன்றைக்கென்று உயிர் எடுக்கிறதே என்று புலம்பினார். அப்போதுதான் அன்று முதல் முறையாகத் தன் காலைப் பார்த்தார். வலது காலைப் பார்த்தார், இடது காலைப் பார்த்தார். பிறகு மரியராஜை வெகு நேரம் பார்த்தார்.

“ஏட்டய்யா, காலையில என் செருப்பை மாத்தி வச்சீகளா?”

“மாத்தி வைக்கல சார். மாறிக் கெடந்துச்சு. நான் சரி பண்ணி வச்சேன்.”

“இந்தத் துப்பாக்கி வந்தப்ப நம்பர் எப்படி இருந்துச்சு?”

மரியராஜின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து ஒருவரும் அவரிடம் கேட்காத ஒரு நல்ல விஷயம் அது.

“அதையும் ஏன் கேக்குறீக. ஒண்ணாம் நம்பர் கட்டையில ரெண்டாம் நம்பர் குழல், ரெண்டாம் நம்பர் கட்டையில ஒண்ணாம் நம்பர் குழல். ரெண்டுமே மாறிக் கெடந்துச்சு. எத்தனை வருசமா அப்படிக் கெடந்துச்சோ. நான்தான் திரும்பப் பூட்டுறப்ப நம்பர் பாத்து ஒழுங்காப் பூட்டி வச்சேன்.”

 லாக்கப்பில் இருந்த கோழித் திருடன்கூட எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிட்டான்.

சார் இரண்டு சொந்தக்காரர்களிடமும் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்டார். மலை எஸ்டேட் துரை சீமைக்குப் போகும்போது விற்றது. அய்யாத்துரையும் சண்முகத்தாயின் புருஷனும் ஒரே நாளில் பங்களாவுக்குப் போனார்கள். துரை பேசி முடித்தார், சாமானைக் கொடுத்தது பட்லர். சோடித் துப்பாக்கி ஒரே பெட்டியில் கழற்றித்தான் இருக்கும். பட்லர் ஆளுக்கு ஒரு கட்டை, ஆளுக்கு ஒரு குழல் என்று அள்ளிக் கொடுத்தான். எண்ணிக்கை சரியாக இருந்தது, பூட்டினால் பூட்டியது. அன்றிலிருந்து இருபத்து நாலு வருஷம் இரண்டு துப்பாக்கிகளும் தப்பாகவே வாழ்ந்தன. ஒருவர் கட்டையோடும் இன்னொருவர் குழலோடும் பழகிவிட்டார்கள். அந்தக் குடித்தனத்தை மரியராஜின் ஒழுங்கு கலைத்துவிட்டது.

“இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டார் மரியராஜ். கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் இருந்த மலர்ச்சி இறங்கிக்கொண்டே போனது.

“பழையபடி பூட்டணும்” என்றார் சார்.

“தெரிஞ்சே தப்பாப் பூட்டச் சொல்றீகளா?”

அய்யாத்துரை சீறினார். நம்பரா வாத்தைச் சுடுகிறது, கன்னம்தானே சுடுகிறது என்றார். சண்முகத்தாய் அதைவிட ஒரு படி மேலே போனார். அந்த மனுஷன் தொட்டது தப்பாக இருந்தால் எனக்குத் தப்பே போதும், உன் சரியை நீயே வைத்துக்கொள் என்றார். அந்த இருவரும் ஒரே பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை என்று லாக்கப்பிலிருந்து கோழித் திருடன் சொன்னான். அவனும் அந்தப் பாசனம்தான்.

முதலில் சாரின் விரலை மீட்க வேண்டியிருந்தது. அதற்கும் சண்முகத்தாய்தான் வந்தார். சாரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குழலின் பின்பக்கம் வழியாகத் தேங்காய் எண்ணெயைச் சாய்த்தார். கையோடு கொண்டுவந்திருந்த துடைப்புக் கம்பியில் துணியைச் சுற்றி, பின்பக்கமாகவே விட்டு ஒரே குத்துக் குத்தினார். சாரின் விரல் வெளியே வந்தது. சாரும் சுவர் வரை போய் வந்தார்.

பிறகு மரியராஜ் பூட்டினார். ஒன்றில் இரண்டு, இரண்டில் ஒன்று. இருபத்தெட்டு வருஷம் கோடு போட்ட நோட்டில் கோணல் இல்லாமல் எழுதிய கை அது.  இரண்டாவது துப்பாக்கியைப் பூட்டும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். குழல் கொஞ்சம் மக்கர் செய்து, கடைசியில் டக்கென்று உட்கார்ந்தது.

அய்யாத்துரை ஒன்றைத் தோளில் வைத்துக் கண்ணை மூடினார். சண்முகத்தாய் இன்னொன்றைத் திறந்து ஜன்னலில் பார்த்தார். கன்னமும் சொன்னது, பொட்டும் இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

டி.எஸ்.பி. சின்ன வயதுக்காரர். நோட்டைப் புரட்டினார், கையெழுத்துகளைப் பார்த்தார், தலையாட்டினார். போயிருக்கலாம். அவருக்குத் துப்பாக்கிப் பைத்தியம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அய்யாத்துரை கையிலிருந்ததை வாங்கி, அடடா என்று தடவிக்கொடுத்தார். ஒரு நொடியில் முன்கட்டையை எடுத்துக் குழலைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். நான் சாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏட்டு, குழல்ல ரெண்டு இருக்கு. கட்டையில ஒண்ணு இருக்கு. இது என்ன?”

மரியராஜுக்குப் பொய் சொல்ல வராது. அவர் விறைப்பாக நின்றார்.

“மாறித்தான் இருக்குங்க சார். வர்றப்பவே மாறித்தான் வந்துச்சு. எப்படி வந்துச்சோ அப்படியே திருப்பிக் குடுத்திருக்கேன்.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

டி.எஸ்.பி. குழலைத் திரும்பப் பூட்டினார். கூட வந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து, இதுதான் வேலை என்றார். வேறு ஆளாக இருந்தால் நம்பரைப் பார்த்ததும் கை சும்மா இருக்காது, சரி பண்ணுகிறேன் என்று நோண்டிக் கெடுத்திருப்பான், ஒப்படைத்த பொருளில் விரல் படாமல் காப்பாற்ற இந்த மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்றார். அய்யாத்துரை மேலே விட்டத்தைப் பார்த்தார். சார் வீங்கின விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சனிக்கிழமை யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு மதுரைக்கு வாருங்கள், நட்சத்திரத்தை நானே குத்துகிறேன் என்று மரியராஜின் கையைக் குலுக்கிவிட்டு டி.எஸ்.பி. ஜீப்பில் ஏறினார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதலேனாளை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அந்த வெயிலும் நட்சத்திரமும் கண்முன்னால் வந்தன. திரும்பிப் பார்த்தால் மரியராஜ் சந்தோஷப்படவில்லை. அவர் முகம் வேர்த்திருந்தது.

“அவுக தப்பா வெளங்கிக்கிட்டாக” என்றார். “நான் கழட்டுனேனே. நான் சரி பண்ணுனேனே. அதைப் போயி நேராக்கிட்டு வந்துடுறேன்.”

சொல்லிவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடக் கிளம்பினார். அய்யாத்துரை இடுப்பைப் பிடித்தார், சண்முகத்தாய் பெல்ட்டைப் பிடித்தார், சார் நல்ல கையால் ஒரு காலைப் பிடித்தார், நான் வாசல் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டேன். ஜீப் சத்தம் ஓய்கிற வரை ஒருவரும் விடவில்லை. அந்த நட்சத்திரம் அவர் தோளில் ஏறியதற்கு எங்கள் நாலு பேரின் உடம்பு வலியும் ஒரு காரணம்.